கொக்குவில் வீட்டு வாடகையும் லண்டன் வரிக் கணக்கும்

வடமேற்கு லண்டனில் வாழும் 58 வயது வாசகர் ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2001இல் இலங்கையிலிருந்து வந்தவர். கார் ஓடப் பழக்கும் டிரைவிங் இன்ஸ்ட்ரக்டர், சொந்தத் தொழில். மனைவி என்.எச்.எஸ். மருத்துவமனையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். இருவர் பெயரிலும் குரொய்டனில் ஒரு வீடு இருக்கிறது. மாதம் 1,750 பவுண் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தகப்பனார் காலமானபின் யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள வீடு இவர் பெயருக்கு உறுதி எழுதப்பட்டு, 2020 தை மாதத்திலிருந்து வாடகைக்குப் போயிருக்கிறது. இப்போது மாதம் 85,000 ரூபா. அதைத் தம்பி வாங்கி, தாயாரின் மருந்துக்கும் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சம்பளத்துக்கும் செலவழிக்கிறார்.

2024-25 வரி ஆண்டில் கார் பழக்கி வந்த வரவு 38,400 பவுண். செலவு போக 23,500. குரொய்டன் வீட்டில் மோர்ட்கேஜ் வட்டியும் திருத்த வேலைகளும் போக மிஞ்சியது 6,000. “என்ர கைக்கு வாறது முப்பதாயிரத்துக்குக் கீழதான், தங்கச்சி. பிறகேன் எச்.எம்.ஆர்.சி. எனக்கு ஏப்ரல் 6 இலிருந்து டிஜிட்டலில கணக்குக் காட்டு எண்டு கடிதம் அனுப்புது?” என்று கேட்கிறார். எச்.எம்.ஆர்.சி. என்பது பிரித்தானிய வரித் திணைக்களம். வருடத்துக்கு நாலு தரம் வரி கட்ட வேண்டுமா, வங்கிக் கணக்கை அவர்கள் பார்ப்பார்களா, கம்பனி தொடங்கினால் தப்பலாமா, வயதைக் காட்டி விலக்குக் கேட்கலாமா என்று அடுக்கிக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறார்: “அம்மாவுக்குப் போற காசில கை வைக்க வேண்டி வருமோ?”

அண்ணா, நீங்கள் தங்கச்சி என்று எழுதியதால் நானும் அந்த உரிமையோடே எழுதுகிறேன். நீங்கள் பயப்படும் இடத்தில் பெரிய ஆபத்து இல்லை. டிஜிட்டல் கணக்கை இரண்டு மாதத்தில் பழகிக்கொள்வீர்கள். கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் கடந்து போன கொக்குவில் வாடகைதான் என்னை நிறுத்திப் படிக்கவைத்தது. உங்கள் ரிட்டர்னில், அதாவது ஆண்டு வரிக் கணக்கில், அது ஒருபோதும் இடம்பெறவில்லை. அதற்கு வருகிறேன், முதலில் அந்தக் கடிதம் ஏன் வந்தது என்று பார்ப்போம்.

கைக்கு வருவதும் கணக்கில் எடுப்பதும்

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மென்பொருள் வழியே கணக்கு அனுப்பும் ‘மேக்கிங் டாக்ஸ் டிஜிட்டல்’ திட்டத்துக்குள் ஒருவர் வருகிறாரா என்று தீர்மானிக்க எச்.எம்.ஆர்.சி. பார்ப்பது லாபத்தை அல்ல, செலவு கழிக்க முன்னுள்ள மொத்த வரவை. சொந்தத் தொழிலின் மொத்த வரவையும் வாடகையின் மொத்த வரவையும் கூட்டிய தொகைக்குக் ‘குவாலிஃபையிங் இன்கம்’ என்று பெயர். சம்பளம், ஓய்வூதியம், வங்கி வட்டி, டிவிடெண்ட் எதுவும் அதில் சேராது. 2024-25 ரிட்டர்னின்படி அந்தத் தொகை 50,000 பவுணைத் தாண்டியவர்கள் 2026 ஏப்ரல் 6 முதல் உள்ளே வருகிறார்கள். 2025-26இல் 30,000ஐத் தாண்டுபவர்களுக்கு 2027 ஏப்ரல்; 2026-27இல் 20,000ஐத் தாண்டுபவர்களுக்கு 2028 ஏப்ரல்.

உங்கள் ரிட்டர்னின் பிரதியைப் பார்த்தேன். குரொய்டன் வாடகை 21,000 முழுவதையும் உங்கள் பெயரிலேயே போட்டிருக்கிறீர்கள். 38,400உடன் 21,000 சேர்ந்தால் 59,400. கடிதம் வந்த காரணம் இதுதான்.

ஆனால் அந்த வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்துகொண்டு ஒரு வீட்டைக் கூட்டாக வைத்திருந்தால், சட்டம் அந்த வருமானத்தைச் சரிபாதியாகவே பிரிக்கும். உண்மையான பங்கு வேறு என்று ஆதாரத்தோடு ‘ஃபோம் 17’ என்ற படிவத்தைக் கொடுத்தால்தான் அது மாறும்; நீங்கள் கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் பங்கு 10,500. மற்ற 10,500 உங்கள் மனைவியின், அதாவது அக்காவின், வருமானம். “நான்தானே வீட்டைப் பார்க்கிறன், அதால என்ர பேரில போட்டன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நல்லெண்ணம் எனக்கு விளங்குகிறது, ஆனால் வரிச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

சரியான பாதியைப் போட்டால் 48,900. ஐம்பதாயிரத்துக்குக் கீழே வந்துவிடும், ஒரு வருடம் அவகாசம் கிடைத்துவிடும் என்று தோன்றும். உங்கள் மருமகன் சொன்ன ‘திருத்திப் போட்டால் தப்பலாம்’ என்ற யோசனையும் இதுதான். ஆனால் திருத்தும்போது ஒரு பிழையை மட்டும் திருத்த முடியாது. கொக்குவில் வாடகை வருடத்துக்கு 10,20,000 ரூபா; அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதத்தில் சுமார் 2,700 பவுண். அதையும் சேர்த்தால் 51,600. இரண்டு பிழைகளையும் நேர்மையாகத் திருத்திய பிறகும் நீங்கள் 50,000க்கு மேலேதான் நிற்கிறீர்கள். எனவே 2026 ஏப்ரல் 6 உங்களுக்குரிய தேதிதான். அதைத் தள்ளிவைக்கும் முயற்சியில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அக்காவின் பக்கம் எளிது. அவருடைய வாடகைப் பங்கு 20,000க்குக் கீழே என்பதால் டிஜிட்டல் திட்டம் அவரைத் தொடாது. ஆனால் அவர் தன் வருமானத்தைத் தானே அறிவிக்கும் செல்ஃப் அசெஸ்மென்ட் முறையில் பதிந்து, தன் பாதியை ஆண்டு ரிட்டர்னில் காட்ட வேண்டும். நீங்கள் இருவரும் 20 வீத வரி அடுக்கிலேயே இருப்பதால் குடும்பத்துக்கு மொத்த வரி அவ்வளவாக மாறாது: நீங்கள் கூடுதலாகக் கட்டியதை அவர் கட்டியிருக்க வேண்டும். ஆனாலும் இது தானாகச் சமன்படாது. நீங்கள் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க நான்கு ஆண்டுகள்தான் பின்னோக்கிப் போகலாம்; அவரிடம் வரவேண்டியதைக் கேட்க அவர்களுக்கு அதைவிடக் கூடுதலான ஆண்டுகள் உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் உங்களுக்குத்தான் நட்டம்.

கொக்குவில் வீடு

“காசு இங்க வரவேயில்லை, அங்கேயே முடிஞ்சுபோகுது. பிறகென்ன வரி?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வி வாரம் ஒரு தரமாவது என் மேசைக்கு வருகிறது. யாழ்ப்பாணத்து வீடு, வவுனியாக் கடை, கொழும்பு ஃபிளாட் என்று சொத்து மாறும், கேள்வி மாறாது.

பிரித்தானியாவில் வரி வதிவிடம் உள்ளவர் உலகத்தில் எங்கே உழைத்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும் என்பதே பொது விதி. காசு இந்த நாட்டுக்குள் வந்தால் மட்டும் வரி என்று ஒரு சலுகை, பிற நாட்டைத் தாயகமாகக் கொண்டவர்களுக்கு முன்பு இருந்தது. உங்கள் நண்பர்கள் சொன்னது அந்தப் பழைய கதைதான். 20 ஆண்டுகளில் 15 ஆண்டு இங்கே வாழ்ந்தவர்களுக்கு 2017 ஏப்ரலிலேயே அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் அந்த முறையே ஒழிக்கப்பட்டுவிட்டது. 2001இல் வந்த உங்களுக்கு, வாடகை தொடங்கிய 2020இலேயே அது பெரும்பாலும் பொருந்தியிருக்காது.

அந்தக் காசை அம்மாவின் மருந்துக்குச் செலவழித்ததும் கணக்கை மாற்றாது. உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது, வாடகை உங்களுக்குரியது. நீங்கள் அதை அம்மாவுக்குக் கொடுத்தீர்கள். பிள்ளையின் கடமை அது. வரிச் சட்டத்தின் பார்வையில் வருமானம் வந்த பிறகு செய்த செலவு. கழிக்கக்கூடியது வீட்டுக்கான செலவு மட்டும்: கூரை ஓடு மாற்றியது, பெயின்ட் அடித்தது, கிணற்று மோட்டர் திருத்தியது போன்றவை. இலங்கையில் அந்த வாடகைக்கு வருமான வரி கட்டியிருந்தால், இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், அதை இங்கே கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒரே வருமானத்துக்கு இரண்டு தரம் முழு வரி என்பது நடக்காது.

தொகையைப் பாருங்கள், அண்ணா. வருடம் 2,700 பவுண் வாடகையில், செலவே இல்லை என்று வைத்தாலும், 20 வீத வரி 540 பவுண். உங்களைத் தூங்கவிடாத அளவு பெரிய கடன் இல்லை இது. ஆனால் வெளிநாட்டு வருமானத்தைக் காட்டாமல் விட்டதை, உள்நாட்டுத் தவறைவிடக் கடுமையாகவே சட்டம் பார்க்கிறது. பிழை வேண்டுமென்றே நடக்காவிட்டாலும் 12 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு ஒத்துக்கொள்பவருக்கும் தானாக முன்வந்து சொல்பவருக்கும் தண்டப்பணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. நீங்கள் இன்னும் ‘தானாக முன்வந்தவர்’ என்ற இடத்தில்தான் நிற்கிறீர்கள். அந்த இடத்தை இழந்துவிட வேண்டாம்.

2026 ஓகஸ்டிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ‘வெளிநாட்டுச் சொத்து’ என்ற தலைப்பில் நீங்களே ஒரு தொகையை அனுப்பப்போகிறீர்கள். ஆறு வருடமாக இல்லாத வீடு திடீரென்று எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கலாம். அந்தக் கேள்வி வரமுன் பதில் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

செய்யவேண்டிய ஒழுங்கு இது. 2024-25 ரிட்டர்னை 2027 ஜனவரி 31 வரை திருத்தலாம். குரொய்டன் பாதியையும் கொக்குவில் வாடகையையும் ஒன்றாகத் திருத்துங்கள். 2025-26க்கு வழமையான ரிட்டர்னில் சரியாகக் காட்டுங்கள். அதற்கு முந்திய 2019-20 முதல் 2023-24 வரையான ஆண்டுகளுக்கு எச்.எம்.ஆர்.சி.யின் ‘வேர்ல்ட்வைட் டிஸ்குளோஷர் ஃபெசிலிற்றி’ என்ற, விடுபட்ட வெளிநாட்டு வருமானத்தைத் தானாக வெளிப்படுத்தும் இணைய வழி இருக்கிறது. முதலில் ‘சொல்லப்போகிறேன்’ என்று பதிய வேண்டும். அதன்பின் கணக்கைத் தயாரித்துச் சமர்ப்பிக்க 90 நாட்கள் கிடைக்கும். அதனால் தம்பியிடம் வாடகை விவரங்களை வாங்கிக்கொண்டு பதியுங்கள், பதிந்துவிட்டு அவரைத் தேட வேண்டாம். இன்னொன்று: இன்றைய மாற்று விகிதத்தை எல்லா ஆண்டுக்கும் போட்டுவிடாதீர்கள். வாடகை தொடங்கிய காலத்தில் பவுண் 250 ரூபாவுக்குக் கிட்ட இருந்தது. 2022 நெருக்கடியில் 400ஐத் தாண்டியது. அன்றைய சிறிய வாடகைகூடப் பவுணில் இன்றைய தொகையை எட்டும். எச்.எம்.ஆர்.சி. ஆண்டுச் சராசரி விகிதங்களை வெளியிடுகிறது. ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்தந்த ஆண்டின் விகிதத்தை எடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் தகுதியுள்ள கணக்காளருக்குக் காசு கொடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். மற்றதை நீங்களே செய்யலாம்.

நாலு தரம் வரி கட்டுவதா?

இல்லை. நாலு தரம் கணக்குச் சொல்கிறீர்கள். வரி கட்டும் தேதிகள் முன்பு போலவே ஜனவரி 31, ஜூலை 31. காலாண்டு அறிக்கை என்பது அந்த வரி ஆண்டின் தொடக்கத்திலிருந்து அன்றுவரை வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு என்ற கூட்டுத்தொகை மட்டும். ஏப்ரல் 6 முதல் ஜூலை 5 வரைக்கும் ஓகஸ்ட் 7; ஒக்டோபர் 5 வரைக்கும் நவம்பர் 7; ஜனவரி 5 வரைக்கும் பெப்ரவரி 7; ஏப்ரல் 5 வரைக்கும் மே 7. 5ஆம் தேதியில் முறிப்பது குழப்பம் என்றால், மாதக் கடைசியில் முடியும் காலாண்டுகளை மென்பொருளில் தெரிவு செய்யலாம். கடைசித் தேதிகள் மாறாது. வாடகை மாதக் கணக்கில் வருவதால் அதுவே உங்களுக்கு வசதி. முதல் அறிக்கை அனுப்ப முன்னரே தெரிவு செய்துவிடுங்கள்.

தொகை ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டப்படுவதால், முதல் காலாண்டில் ஒரு பெற்றோல் பற்றுச்சீட்டை மறந்தால் அடுத்த காலாண்டில் சேர்த்தால் போதும். ஒவ்வொரு தரமும் கணக்கை முடித்துச் சீல் வைப்பதாக நினைக்க வேண்டாம். சீல் வைப்பது ஆண்டு ரிட்டர்னில்தான். 2026-27க்கு அது 2028 ஜனவரி 31, அதையும் மென்பொருள் வழியே அனுப்ப வேண்டும்.

பலர் தடுமாறப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. 2025-26 ரிட்டர்னை 2027 ஜனவரி 31க்குள் பழைய முறையிலேயே போட வேண்டும். அதே காலத்தில் 2026-27க்கான காலாண்டு அறிக்கைகளும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வருடத்துக்கு இரண்டு தண்டவாளம். ‘டிஜிட்டலுக்கு மாறிவிட்டேனே, ஜனவரி ரிட்டர்ன் எதற்கு’ என்று விட்டுவிடாதீர்கள். அதற்குத் தாமதத் தண்டம் வழமைபோல 100 பவுணில் தொடங்கும்.

காலாண்டு அறிக்கை பிந்தினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நாலு புள்ளி சேர்ந்தால் 200 பவுண் தண்டம். ஆனால் முதல் அணியில் போகும் உங்களுக்கு 2026-27 ஆண்டில் காலாண்டு அறிக்கை பிந்துவதற்குப் புள்ளி கிடையாது என்று அரசு 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. அனுப்பவே தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். நாலும் போகாமல் ஆண்டு ரிட்டர்னை முடிக்க முடியாது. பழகிக்கொள்ளக் கிடைத்த ஒரு வருடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வங்கிக் கணக்கை எச்.எம்.ஆர்.சி. இந்த மென்பொருள் வழியே பார்க்காது. ஒவ்வொரு வரவு செலவும் உங்கள் கணினியிலேயே இருக்கும். அவர்களுக்குப் போவது கூட்டுத்தொகை மட்டும்.

உங்கள் தொழிலில் எப்படி எழுதுவது

டயரியில் மாணவர் பெயர், நேரம், வாங்கிய காசு என்று எழுதி, ஜனவரியில் கூட்டிப் பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். டயரியை வைத்திருங்கள். ஆனால் அதில் உள்ளது மென்பொருளிலோ எக்செல் தாளிலோ ஏற வேண்டும்: தேதி, தொகை, வகை. உங்கள் தொழில் வரவு 90,000க்குக் கீழே என்பதால் வகையைக்கூட வரவு, செலவு என்று இரண்டாகப் பிரித்தால் போதும். வாடகையில் மட்டும் மோர்ட்கேஜ் வட்டியைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் குடியிருப்பு வீட்டுக்கு அந்த வட்டியை லாபத்தில் கழிக்க முடியாது. 20 வீத வரிக் குறைப்பாகத்தான் கிடைக்கும்.

வழமையான முறையில் காசு கைக்கு வந்த நாள்தான் வரவு நாள். ஒரு பிள்ளை பத்து மணித்தியாலப் பாடத்துக்கு ஜூலை 2இல் முன்பணம் கட்டினால், பாடம் செப்டெம்பர் வரை ஓடினாலும் வரவு ஜூலை 2. இடையில் நிறுத்தித் திருப்பிக் கொடுத்தால், கொடுத்த நாளில் கழியுங்கள். டிரைவிங் ஸ்கூலுக்கு வாரம் கட்டும் ஃபிரான்சைஸ் கட்டணத்தைக் கழித்து மிச்சத்தை வரவாக எழுதக் கூடாது. முழுக் கட்டணம் வரவு, ஃபிரான்சைஸ் செலவு.

கையில் வாங்கும் காசைப் பற்றி, “அதையும் எழுத வேணுமோ?” என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஆம், அண்ணா. ஒவ்வொரு பவுணும். டெஸ்டுக்குப் போன மாணவர் எண்ணிக்கை, காரின் மைல் கணக்கு, பெற்றோல் செலவு எல்லாம் வரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஒரு வரி அதிகாரிக்குக் கடினமான வேலை அல்ல. கடந்த ஆண்டுகளில் கைக்காசு விடுபட்டிருந்தால் அதையும் கணக்காளரிடம் சொல்லுங்கள். கொக்குவில் வாடகையோடு சேர்த்துச் சொல்வதுதான் நல்லது. பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்த வெளிப்படுத்தலுக்குப் பெறுமதி இல்லை.

உங்களிடமிருந்து ஒவ்வொரு காலாண்டும் மூன்று அறிக்கைகள் போகும்: டிரைவிங் தொழில், பிரித்தானியச் சொத்து, வெளிநாட்டுச் சொத்து. மென்பொருள் வாங்க முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அது வெளிநாட்டுச் சொத்தையும் அனுப்புமா என்பதுதான். எல்லாம் அனுப்பாது. எச்.எம்.ஆர்.சி. தன் சார்பில் மென்பொருள் தருவதில்லை. அங்கீகரித்தவற்றின் பட்டியலை வைத்திருக்கிறது, அதில் இலவசமானவையும் உண்டு. எக்செல் உங்களுக்குக் கைவந்தால் அதையே வைத்துக்கொண்டு, தொகையை மட்டும் அனுப்பும் இணைப்பு மென்பொருள் ஒன்றைப் பிடியுங்கள். விலை கூடியதுதான் பாதுகாப்பு என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

குரொய்டன் வீடு கூட்டுச் சொத்து என்பதால் ஒரு சலுகை உண்டு: அதன் செலவுகளைக் காலாண்டு அறிக்கையில் சேர்க்காமல் ஆண்டு முடிவில் ஒரேயடியாகக் காட்டலாம். முதல் ஆண்டில் அதைப் பயன்படுத்துங்கள்.

தப்பிக்க வழி இருக்கிறதா?

வயதைக் காட்டி விலக்குக் கேட்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வயது, உடல்நிலை, வசிக்கும் இடம் போன்ற காரணத்தால் டிஜிட்டல் கருவியைப் பயன்படுத்துவது ஒருவருக்கு நியாயமாக இயலாதென்றால் விலக்கு உண்டு. ஆனால் முன்பு மென்பொருள் பாவித்ததில்லை, செலவு கூடும், நேரம் போகும் என்பவை ஏற்கப்படும் காரணங்கள் அல்ல. கைபேசியில் பாடநேரம் ஒழுங்கு செய்து, டெஸ்ட் தேதியும் இணையத்தில் பிடித்துக் கொடுப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விண்ணப்பம் நிற்காது.

கம்பனி தொடங்கினால் இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டீர்கள் என்பது உண்மை. ஆனால் கம்பனிக்கு ஆண்டுக் கணக்கு, கோர்ப்பரேஷன் வரி, உங்களுக்குச் சம்பளக் கணக்கு என்று வேறு சுமைகள் வரும். வீட்டையும் கம்பனிக்கு மாற்றினால், சந்தை விலைக்கு விற்றதுபோல் மூலதன ஆதாய வரி, கம்பனி பக்கம் கூடுதல் 5 வீதத்தோடு முத்திரை வரி, புதிய மோர்ட்கேஜ். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தொகை அனுப்பாமல் இருக்க இவ்வளவு கொடுப்பது நியாயமில்லை. குரொய்டன் வீட்டை முழுவதும் அக்கா பெயருக்கு மாற்றும் யோசனையும் இப்போது உதவாது. 2026க்கான தீர்ப்பை 2024-25 ஏற்கெனவே எழுதிவிட்டது. உள்ளே வந்தவர் வெளியேற, தொடர்ந்து மூன்று வரி ஆண்டுகள் எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும், அந்த எல்லையோ 20,000 வரை இறங்குகிறது.

கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. “தெரிஞ்ச தம்பி ஒராள் என்ர கேற்வே பாஸ்வேர்டை வச்சு ஒவ்வொரு ஜனவரியும் போட்டுத்தருவார்” என்று எழுதியிருக்கிறீர்கள். கேற்வே என்பது அரசின் இணையச் சேவைகளுக்குள் நுழையும் உங்கள் கணக்கு. அவர் நல்ல பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கடவுச்சொல்லோடு நுழைபவர் எச்.எம்.ஆர்.சி.யின் பார்வையில் நீங்களேதான். அவர் போட்ட ஒவ்வொரு பிழையும் உங்கள் கையெழுத்து. அந்தக் கணக்கிலிருந்து வரி திரும்பப் பெறவும் வங்கி விவரம் மாற்றவும் முடியும். இன்றே மாற்றுங்கள்.

உண்மையான கணக்காளருக்கு உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. அவருக்கென்று தனி முகவர் கணக்கு இருக்கும். நீங்கள் அனுமதி கொடுத்தால் தன் வாசலால் வருவார். புதிய முறையில் முதன்மை முகவர் ஒருவரும், காலாண்டு வேலைக்கு மட்டும் துணை முகவரும் வைத்துக்கொள்ளலாம். ஏ.சி.சி.ஏ., ஏ.ஏ.டி. போன்ற கணக்காளர் அமைப்பில் அங்கத்தவரா, வெளிநாட்டு வருமான வெளிப்படுத்தல் முன்பு செய்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் பொறுப்புக் கொடுங்கள். அந்தத் தம்பி காலாண்டுத் தொகைகளை ஏற்ற உதவட்டும், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து.

2026 ஏப்ரல் 6க்கு முன் உங்களுக்குள்ள வேலை இவ்வளவுதான்: கடவுச்சொல்லை மாற்றுவது, வெளிநாட்டுச் சொத்தையும் அனுப்பும் மென்பொருளைத் தெரிவு செய்வது, திட்டத்தில் பதிவது. கடிதம் வந்துவிட்டதால் தானாகப் பதிவாகிவிடும் என்று இருக்காதீர்கள்; பதிவது உங்கள் பொறுப்பு. வெளிப்படுத்தலை ஓகஸ்ட் 7க்கு முன் தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக, அம்மாவுக்குப் போகும் காசு. அதில் கை வைக்கத் தேவையில்லை, அண்ணா. வாடகை வழமைபோலத் தம்பியிடம் போகட்டும், மருந்தும் அந்தப் பெண்ணின் சம்பளமும் அதிலிருந்தே நடக்கட்டும். இங்கே கட்டவேண்டிய வரியை உங்கள் டிரைவிங் வருமானத்திலிருந்து மாதம் 45 பவுணாக ஒதுக்கிவையுங்கள். தம்பியிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: வாடகை வாங்கிய அன்று, வாங்கிய தொகையையும் வீட்டுத் திருத்தத்துக்குக் கொடுத்த பற்றுச்சீட்டையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். அவர் அனுப்பிய இரவே அதை உங்கள் தாளில் ஏற்றிவிடுங்கள்.